தாய்ப்பாம்பு விட்டுப்போவதற்கு முன்பு

விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும், அத்தோடு தாய் செத்துப்போகும் என்று சின்ன வயதில் கேட்டு அப்படியே நம்பியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். யாரோ பொழுதுபோகாமல் கட்டிவிட்ட கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கிட்டத்தட்ட இதையே எழுதிவைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கூடும் நேரத்திலேயே பெண் விரியன் ஆணின் கழுத்தைக் கவ்விக் கொன்றுவிடும், அப்பனைக் கொன்றதற்குப் பழிவாங்கக் குட்டிகள் தாயின் வயிற்றைத் தின்று வழி பண்ணிக்கொண்டு வெளியே வரும் என்பது அவர் சொல்வது. காரணமும் சொல்கிறார்: இப்படி ஒரு தடை மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பாம்புகள் பெருகிப்பெருகி மனிதன் உயிர்வாழவே முடியாமல் போயிருக்கும்.

கதை தவறு. ஆனால் கதைக்குப் பின்னால் இருக்கும் கேள்வி நல்ல கேள்வி. ஒரே ஈற்றில் நாற்பது குட்டி போடுகிற, பிறந்த நிமிஷத்திலிருந்தே விஷத்தோடு இருக்கிற ஒரு உயிர், ஏன் உலகம் முழுக்க நிரம்பவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நாம் சாதாரணமாகச் சொல்கிற இன்னொரு பேச்சும் ஆட்டம் காணும். "பாம்புக்கு என்ன பெரிய தாய்ப்பாசம், போட்டுவிட்டுப் போய்விடும்" என்கிறோமே, அது. போட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் உண்மைதான். போடுவதற்கு முன்பு அந்தத் தாய் என்னவெல்லாம் செய்து முடித்திருக்கிறது என்பதைத்தான் நாம் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அது வெளியிலிருந்து பார்க்கும்போது சும்மா வெயிலில் படுத்திருப்பது மாதிரி இருக்கும்.

முதலில் முட்டையா குட்டியா என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். விஷப்பாம்புகளில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று நாகங்களின் குடும்பம். நல்ல பாம்பு, ராஜநாகம், மாம்பா, கடல்பாம்புகள், பெயரில் விரியன் இருந்தாலும் நாகத்துக்கே உறவான கட்டுவிரியன் எல்லாம் இதில் வரும். இன்னொன்று விரியன் குடும்பம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், குழிவிரியன்கள், அமெரிக்கக் கண்டங்களின் கிலுகிலுப்பை விரியன்கள், அதாவது ராட்டில்ஸ்நேக்குகள். நாகம் முட்டை போடும், விரியன் குட்டி போடும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் இரண்டு பக்கமும் விதிவிலக்குகள் நிறைய. தென்னாப்பிரிக்காவின் ரிங்கால்ஸ் படமெடுக்கும், விஷத்தைப் பீய்ச்சும், பார்த்தால் அசல் நாகம், ஆனால் குட்டி போடும். ஆஸ்திரேலியாவின் டைகர் ஸ்நேக்கும் டெத் ஆடரும் நாகக் குடும்பம்தான், அவையும் குட்டி போடுபவை. அமெரிக்கக் காடுகளின் புஷ்மாஸ்டர் பெரிய விரியன், அது முட்டை போட்டுக் காவல் இருக்கும். சுருட்டை விரியன் விஷயம் இன்னும் விசித்திரம்: இந்தியாவில் இருக்கிற இனம் குட்டி போடும், அதற்கு ரொம்ப நெருங்கிய ஆப்பிரிக்கச் சொந்தங்கள் முட்டை போடும்.

ஆக, முட்டை போடுவதை விட்டுக் குட்டி போடுவதற்கு மாறுவது என்பது பரிணாமத்தில் எப்போதோ ஒரு தடவை நடந்த அதிசயம் கிடையாது. பல்லிகளையும் பாம்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நூறு தடவைக்கு மேல் இந்த மாற்றம் தனித்தனியாக நடந்திருக்கிறது. ஏன் இத்தனை தடவை? பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிற காரணம் ஒன்று உண்டு, அது குளிர். மண்ணுக்குள் போட்ட முட்டை, மண் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடுதான். குளிர்ப் பிரதேசத்தில் கோடை குறுகியது, மண் சூடாகி முட்டை பொரிவதற்குள் குளிர்காலம் வந்துவிடும். முட்டை வயிற்றுக்குள்ளேயே இருந்தால், தாய் வெயிலைத் தேடிப் போய்ப் படுக்கலாம், மேகம் வந்தால் இடம் மாறலாம், ராத்திரி பாறை இடுக்கில் சூடு தங்கும் இடத்தில் முடங்கலாம். ஐரோப்பாவின் ஆடர் விரியன் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும் வாழ்கிறது. முட்டை போடுகிற பாம்பாக இருந்திருந்தால் அங்கே ஒரு தலைமுறை கூடத் தாண்டியிருக்காது.

இந்தக் குளிர்க் காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்பாம்புகளைப் பாருங்கள். மஞ்சள் வயிற்றுக் கடல்பாம்பு கரைப்பக்கமே வராமல் நடுக்கடலில் மிதந்தே வாழ்கிறது, கடல் நீரிலேயே குட்டி போடுகிறது. தண்ணீருக்குள் முட்டை போட்டால் கரு மூச்சுமுட்டிச் செத்துவிடும், அதனால் குட்டி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட லாட்டிகாடா வகைப் பாம்புகள் மட்டும் இன்னும் முட்டை போடுபவை. அதற்காகவே அவை ஒவ்வொரு முறையும் கரை ஏறி வந்தாக வேண்டும்.

சரி, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்தில் "முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வெளியே வரும்" என்று படித்திருப்போம். அது முழுத் தவறில்லை, ஆனால் ரொம்பச் சுருக்கிச் சொன்னது. உள்ளே ஓடு போட்ட முட்டை இருப்பதில்லை. மெல்லிய சவ்வுக்குள் கருவும் அதன் மஞ்சள்கருவும் இருக்கும், அந்தச் சவ்வு தாயின் கருக்குழாய்ச் சுவரோடு நன்றாக ஒட்டியிருக்கும். கருவின் ரத்தக் குழாய்களும் தாயின் ரத்தக் குழாய்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஆக்சிஜன் போகிறது, கழிவுக் காற்று வருகிறது, தண்ணீர் போகிறது, கொஞ்சம் சத்தும் போகிறது. ஒரு எளிய நஞ்சுக்கொடி என்றே சொல்லலாம். ஆனால் சாப்பாட்டில் பெரும்பங்கு மஞ்சள்கருவிலிருந்துதான். அந்த மஞ்சள்கருவைத் தாய் சினைப்பிடிப்பதற்கு முன்பே, மாதக்கணக்கில் தின்று சேர்த்த கொழுப்பிலிருந்து உருவாக்கி வைத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு விரியன் தாய் மேல் மரியாதை வந்தது. பிரான்ஸில் ஆஸ்ப் விரியன்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டின: பெண்ணின் உடம்பில் போதுமான அளவு கொழுப்பு சேராவிட்டால் அது இனப்பெருக்கத்துக்கே தயாராகாது. ஒரு வருஷம் இரை சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அந்த வருஷம் சும்மா இருந்துவிடும், அடுத்த வருஷமும் போதவில்லை என்றால் அப்போதும் சும்மா இருக்கும். சேர்ந்த பிறகு சினையானால், அந்த மாதங்களில் பெரும்பாலும் வேட்டைக்குப் போகாமல் உடம்பைச் சூடாக வைத்திருப்பதையே முழுநேர வேலையாகச் செய்யும். ஆண் பாம்பும் சினையில்லாத பெண்ணும் வெயில் காய்ந்துவிட்டு இரை தேடப் போய்விடும். சினைப்பாம்பு மட்டும் காலையில் வெயில் வந்ததும் வெளியே வந்து, நாள் முழுக்க உடம்பை 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். கருவின் வளர்ச்சி வேகம் இந்தச் சூட்டைப் பொறுத்தது. கோடை நன்றாகக் காய்ந்தால் சீக்கிரம் குட்டி, மந்தமாக இருந்தால் பிரசவம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் குட்டிக்குக் குளிர்காலத்துக்கு முன்பு கிடைக்கிற நாட்கள் குறையும்.

குட்டி போட்டு முடிக்கும்போது தாய் எலும்பும் தோலுமாக, பக்கவாட்டில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க நிற்கும். அந்த நிலையில் உடனே இரை பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாமல் அடுத்த குளிர்காலத்தில் செத்துப்போகிற தாய்கள் நிறைய. பிரான்ஸில் ஆய்வு செய்த இடத்தில் பெரும்பாலான பெண் ஆஸ்ப் விரியன்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் குட்டி போட்டிருக்கின்றன. "பிரசவத்தோடு தாய் செத்துவிடும்" என்ற பழைய நம்பிக்கை ஒருவேளை இப்படி மெலிந்து செத்துக் கிடந்த தாய்களைப் பார்த்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் ஊகம்தான்.

இன்னொன்று, கூடுவதும் சினையாவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதில்லை. வட அமெரிக்காவின் டிம்பர் ராட்டில்ஸ்நேக் கோடையின் கடைசியில் கூடும். பெண் அந்த விந்தணுவை உடம்புக்குள் குளிர்காலம் முழுக்கச் சேமித்து வைத்து, அடுத்த வசந்தத்தில்தான் கருவுறும். தனியாகவே வளர்க்கப்பட்ட ஒரு டயமண்ட்பேக் ராட்டில்ஸ்நேக், கடைசியாக ஆணைப் பார்த்திருக்கக்கூடிய காலத்திலிருந்து ஐந்து வருஷம் கழித்து ஆரோக்கியமான குட்டிகள் போட்டது; மரபணுவைச் சோதித்து, அது சேமித்த விந்தணுதான் என்று 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதைவிட ஆச்சரியம் அடுத்த வருஷம் வந்தது: காட்டில் பிடித்த சினைப் பாம்புகளைச் சோதித்ததில் காப்பர்ஹெட், காட்டன்மவுத் என்ற இரண்டு குழிவிரியன் இனங்களிலும் தந்தையே இல்லாமல் பிறந்த குட்டிகள் இருந்தன. கூண்டில் அடைத்ததால் நடந்த கோளாறு என்று அதுவரை நினைத்திருந்தது காட்டிலும் நடக்கிறது.

பிரசவத்தை நேரில் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. பாம்பு பிடிப்பவர் ஒருவர் மீட்டு வைத்திருந்த கண்ணாடி விரியன், காட்டில் விடுவதற்கு முன்பே பெட்டிக்குள் குட்டி போட ஆரம்பித்துவிட்டது. தொந்தரவு செய்யாமல் மூடிக்கு வெளியே இருந்துதான் பார்த்தோம். தாய் வழக்கமான சுருளை விட்டு உடம்பைத் தளர்த்தி நீட்டியிருந்தது. பின்பாதியில் ஒரு இறுக்கம் அலையாக வாலைப் பார்த்து இறங்கும், வால் லேசாகத் தூக்கும், ஈரமான பளபளப்போடு ஒரு பை நழுவி வெளியே விழும். அந்தச் சவ்வு கண்ணாடித்தாள் மாதிரி அவ்வளவு மெல்லிசு. உள்ளே சுருண்டிருக்கும் குட்டியின் முதுகில் சங்கிலிப் புள்ளிகள் வரிசையாக, தாயினுடையதை விடப் பளிச்சென்று தெரிந்தன. கொஞ்ச நேரம் அசைவே இருக்காது. திடீரென்று மூக்கு ஒரு இடத்தில் முட்டும், சவ்வு கிழியும், தலை வெளியே வரும், உடனே வாயை முடிந்தவரை அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி. முதல் மூச்சு அது. அப்புறம் நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்க்கும். தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த குட்டிக்கான இறுக்கம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. குட்டிகளுக்கு நடுவே கருவாகாத மஞ்சள்கரு உருண்டைகளும் சில விழுந்தன. சற்று முன் பிறந்த ஒரு குட்டியின் பக்கம் நிழல் பட்டபோது, ஒரு சாண் நீளம்கூட முழுதாக இல்லாத அது உடம்பை ஊதிப் பெரிதாக்கிச் சீறியது, பெட்டிச் சுவரைக் கொத்தவும் கொத்தியது. யாரும் சொல்லித்தரவில்லை.

கண்ணாடி விரியனுக்குச் சினைக்காலம் ஆறு மாதத்துக்கு மேல். 20 முதல் 40 குட்டி சாதாரணம், 60ஐத் தாண்டியதும் உண்டு. எண்ணிக்கையில் உச்சம் ஆப்பிரிக்காவின் பஃப் ஆடர் விரியன். செக் நாட்டு விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் ஒரு பஃப் ஆடர் ஒரே ஈற்றில் 156 குட்டிகள் போட்டிருக்கிறது.

முட்டை போடும் பக்கத்தில் தாய்மைக்கு நேரடியாகக் காட்டக்கூடிய உதாரணம் ராஜநாகம். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுகிற பாம்பு இது ஒன்றுதான். கை கால் இல்லாமல் எப்படிக் கட்டுவது? உடம்பை வளைத்துக் காய்ந்த இலைகளை, குறிப்பாக மூங்கில் சருகை, அணைத்து இழுத்து இழுத்து ஒரு குவியலாகச் சேர்க்கிறது. நடுவே 20 முதல் 40 முட்டை வரை வைத்து, மேலேயும் சருகால் மூடி, அதன் மேலோ பக்கத்திலோ காவல் இருக்கிறது. கொட்டுகிற மழையிலும் உள்ளே முட்டை நனையாத அளவுக்கு அந்தக் குவியல் இறுக்கமாக இருக்கும், மக்குகிற இலை கொஞ்சம் சூடும் தரும். பொரிவதற்குக் கொஞ்சம் முன்னால் தாய் போய்விடுகிறது. பாம்பையே இரையாகத் தின்கிற இனம் என்பதால் தன் குஞ்சையே தின்றுவிடாமல் இருக்கத்தான் போகிறது என்று பரவலாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட எளிய காரணம் போதும் என்று தோன்றுகிறது: இரண்டு மாதத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாத பாம்பு, பசி தாங்காமல் இரை தேடிப் போகிறது. வெளியே வரும் குஞ்சு அரை மீட்டர் இருக்கும், கறுப்பில் வெளிர் பட்டைகளோடு, விஷமும் தயாராக.

நல்ல பாம்பின் முட்டை எலி வளையிலோ கறையான் புற்றிலோ இருக்கும். தோல் மாதிரியான ஓடு, மண்ணின் ஈரத்தை உறிஞ்சி நாளாக நாளாகக் கொஞ்சம் உப்பும். இரண்டு மாதம் போல ஆனதும் குஞ்சு மேலுதட்டு முனையில் இருக்கும் சின்னப் பல்லால் ஓட்டைக் கீறுகிறது. கீறியதும் குதித்து வந்துவிடாது. தலையை மட்டும் வெளியே நீட்டி, ஆபத்து என்று பட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படியே இருக்கும். மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிற நேரம் அது. கீறுவதற்கு உதவிய பல் சீக்கிரமே விழுந்துவிடும், கடிக்கிற பல் வேறு.

அந்த மஞ்சள்கருதான் குட்டிக்குத் தாய் கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு. விரியன் குட்டியின் வயிற்றிலும் அது இருக்கும். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள்; பாம்புக் குட்டிக்கு அது வாரக்கணக்கில் வரும், குளிர்ப் பிரதேச ஆடர் குட்டிகளில் சில, கோடைக் கடைசியில் பிறந்து ஒரு இரைகூடத் தின்னாமல் நேராகக் குளிர்கால உறக்கத்துக்குப் போய், அடுத்த வசந்தத்தில்தான் முதல் வேட்டைக்கு இறங்கும்.

போட்டுவிட்டுப் போகாத தாய்களும் உண்டு என்பதை நான் இணையத்தில்தான் கண்கூடாகப் பார்த்தேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு மலைச்சரிவில் புல்வெளி ராட்டில்ஸ்நேக்குகள் நூற்றுக்கணக்கில் கூடுகிற பாறைத் திடல் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியா பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள், ராட்டில்கேம் என்று பெயர். சினைப்பாம்புகள் கோடை முழுக்க அங்கேயே சேர்ந்து கிடக்கின்றன, கோடை முடியும்போது குட்டி போடுகின்றன. பிறந்த குட்டிகள் தாயின் மேலேயே குவியலாகக் கிடக்கும், எது யாருடைய குட்டி என்று சொல்லவே முடியாது. மழை பெய்தால் தாய் உடம்பைத் தட்டையாக விரித்துச் சுருண்டுகொள்ளும், செதிலில் தேங்கும் தண்ணீரைக் குட்டிகள் வரிசையாக வாய் வைத்துக் குடிக்கும். நான் வேலையை எல்லாம் விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குட்டிகள் முதல் சட்டை உரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும்; அதற்கு முன் அவற்றின் கண் மங்கிவிடும், பார்வை சரியாக இருக்காது. அதுவரை தாய்கள் கூடவே இருக்கின்றன. சட்டை உரித்ததும் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. அப்போது வாலில் கிலுகிலுப்பையின் ஒரே ஒரு முடிச்சுதான் இருக்கும், அடுத்த முடிச்சு வந்து இரண்டும் உரசினால்தான் சத்தமே வரும், ஆக அந்த முதல் மாதங்களில் எச்சரிக்கை ஒலிகூட அவற்றுக்கு இல்லை.

இதே இனக்கூட்டத்தில் அதிர்ச்சி தரும் பக்கமும் உண்டு. மெக்ஸிகோவின் ஒரு ராட்டில்ஸ்நேக் இனத்தில், செத்துப் பிறந்த குட்டிகளையும் கருவாகாத உருண்டைகளையும் தாயே தின்றுவிடுவது வழக்கம் என்று 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. கவனித்த 190 தாய்களில் 68 சதவீதம் அப்படிச் செய்தன. உயிருள்ள குட்டிகளை அவை தொடவில்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு, திரும்ப நிமிர்வதற்குக் கிடைக்கிற முதல் சத்து அது. அருவருப்பாக இருக்கிறது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் இதைக் கொடூரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிந்து போன குட்டியின் கதி என்ன? விஷம் இருக்கிறதே, அதை யார் தொடுவார்கள் என்று தோன்றும். எல்லோரும் தொடுகிறார்கள். காகம், கொக்கு, மயில், கழுகு, கீரி, உடும்பு, காட்டுப்பன்றி, பூனை, பெரிய தவளை, பெரிய பூரான், மற்ற பாம்புகள். சிலந்தி வலையில் சிக்கிச் செத்த விஷப்பாம்புக் குட்டிகளைக்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடி விரியன் குட்டிகள் ஒன்றையொன்று தின்பதும் உண்டு. விஷம் இரையை மடக்குவதற்கு உதவுகிற அளவுக்கு, மேலே இருந்து பாய்கிற பறவையைத் தடுப்பதற்கு உதவுவதில்லை. அப்புறம் வெயில், வறட்சி, பசி. வாய்க்கு அடங்குகிற அளவில் அரணையோ பல்லியோ தவளையோ கிடைத்தால்தான் உண்டு, எலி பிடிக்கிற அளவுக்கு வாய் வளரக் காலமாகும்.

ஹெரோடோட்டஸின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஒரு பெண் விரியன் வாழ்நாளில் மூன்று முறை நாற்பது நாற்பதாகக் குட்டி போட்டால் 120. அந்த இடத்தில் பாம்புகளின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்கிறது என்றால், அந்த 120இல் சராசரியாக இரண்டே இரண்டுதான் வளர்ந்து குட்டி போடும் வயதுக்கு வருகின்றன என்று அர்த்தம். மீதி 118 வழியிலேயே போய்விடுகின்றன.

தப்பிப்பவை எப்படித் தப்பிக்கின்றன என்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வால் வித்தை. காப்பர்ஹெட் குட்டி உடம்பு முழுக்கச் சருகு நிறம், வால் நுனி மட்டும் மஞ்சளும் பச்சையும் கலந்து பளீரென்று இருக்கும். சருகுக்குள் சுருண்டு, தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, அந்த நுனியை மட்டும் தூக்கி நெளியவிடும். புழு என்று நினைத்துத் தவளை ஒரு தாவு தாவும், அப்புறம் இன்னொரு தாவு, குட்டி அசையவே அசையாது, வால் மட்டும் இன்னும் கொஞ்சம் வேகமாக நெளியும். தவளை எட்டுகிற தூரத்துக்கு வந்ததும் கதை முடிந்தது. வளர்ந்து எலிக்கு மாறியதும் அந்த மஞ்சள் மங்கிவிடும். மேட்டுமூக்குக் குழிவிரியன் குட்டிக்கும் இந்த வித்தை தெரியும், டெத் ஆடர் வளர்ந்த பிறகும் இதை விடுவதில்லை.

குளிர்ப் பிரதேசக் குட்டிக்கு இன்னொரு சிக்கல்: உறைபனிக்கு முன்னால், தான் ஒருபோதும் பார்த்திராத குளிர்காலப் பொந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டிம்பர் ராட்டில்ஸ்நேக் குட்டிகள் பெரிய பாம்புகள் ஊர்ந்துபோன தடத்தின் வாசனையை நாக்கால் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்கின்றன. பாம்புகளுக்குச் சொந்தபந்தம் தெரியாது என்பதும் சரியில்லை. பிறந்ததும் பிரித்துத் தனியாக வளர்த்த டிம்பர் ராட்டில்ஸ்நேக் பெண்கள், பிறகு கூடப்பிறந்தவளோடு சேர்த்து விட்டால் அந்நியப் பாம்பை விட நெருங்கிப் படுப்பதை 2004இல் வந்த ஆய்வு காட்டியது.

"பெரிய பாம்பை விடக் குட்டிப் பாம்புதான் ஆபத்து, அதற்கு விஷத்தை அளந்து விடத் தெரியாது" என்று சொல்வதையும் நிறையக் கேட்கிறேன். குட்டியின் விஷப்பை ரொம்பச் சின்னது. மொத்தத்தையும் இறக்கினாலும் பெரிய பாம்பு ஒரு கடியில் விடுகிற அளவுக்கு வராது. ராட்டில்ஸ்நேக் கடியில் பாம்பு பெரிதாக ஆக ஆகப் பாதிப்பும் கூடுவதை மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன. விஷத்தின் தன்மை வயதோடு மாறுவது உண்மை. ஆஸ்திரேலியாவின் பிரவுன் ஸ்நேக் குட்டியாக இருக்கும்போது பல்லி தின்கிறது, அதற்கேற்ற மாதிரி விஷம் நரம்பைத் தாக்குகிறது. வளர்ந்து எலி தின்ன ஆரம்பித்ததும் ரத்தத்தை உறைய வைக்கும் விஷம் சேர்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டுக் குட்டிதானே என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. விஷப்பாம்புக் குட்டி கடித்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். முக்கியமாகக் கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்து வாங்கிக்கட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதுகில் கருமை விளிம்பு போட்ட முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலியாக வரிசையில் இருந்தால் அது விரியன். சந்தேகம் வந்தாலே கையை எடுத்துவிடுங்கள், புகைப்படம் கூட அப்புறம்.

கடைசியாக மறுபடி தாய்க்கு வருகிறேன், ஏனென்றால் குட்டிகளின் பிழைப்பு அங்கேதான் முடிவாகிறது. டிம்பர் ராட்டில்ஸ்நேக் பெண் முதல் குட்டி போடவே ஏழு முதல் பத்து வருஷம் ஆகலாம், அதன் பிறகு மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான். கருவுக்குச் சூடு வேண்டும் என்பதற்காக அது மறைவை விட்டுத் திறந்த பாறையில் மாதக்கணக்கில் கிடக்கிறது, தலைமுறை தலைமுறையாக அதே பாறைகளில். கொன்றால் பரிசு என்று அமெரிக்க மாநிலங்கள் சில இருபதாம் நூற்றாண்டிலும் அறிவித்திருந்தபோது, வேட்டைக்காரர்கள் நேராகப் போனது அந்தப் பாறைகளுக்குத்தான். கையில் அகப்பட்டவை பெரும்பாலும் சினைப்பாம்புகள். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் இன்று அது அழியும் நிலையில் உள்ள இனம் என்று சட்டம் போட்டுப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. ராட்டில்கேம் நேரலையை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள், பாறைத் திடல் எங்கே இருக்கிறது என்று நேரலையின் கீழே ஓயாமல் கேட்கிறார்கள். ஆய்வாளர்கள் சரியான இடத்தை இதுவரை வெளியே சொல்லவில்லை. சொல்லவே கூடாது என்பதுதான் என் கருத்தும்.